ஒரு பென்னி தர்மம்

2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் அம்மையார், அந்நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வரம் அளித்தார். 'பப்' என்னும் மதுச் சாலைகளில் பீப்பாயிலிருந்து வார்த்துக் கொடுக்கும் பீருக்கு, ஒரு பைண்டுக்கு ஒரு பென்னி வீதம் வரியைக் குறைத்தார். அதே திட்டத்தில், வேலையாட்களுக்காக முதலாளிகள் கட்டும் தேசிய இன்ஷூரன்ஸ் சந்தாவை 13.8 சதவிகிதத்திலிருந்து 15 சதவிகிதமாக உயர்த்தவும் செய்தார். வருஷத்துக்கு 9,100 பவுனுக்கு மேற்பட்ட சம்பளத்துக்குத்தான் சந்தா என்றிருந்ததை, 5,000 பவுனுக்கு மேற்பட்டாலே சந்தா என்று மாற்றினார். சாயங்கால வேளையில் மட்டும் வந்து கோப்பை கழுவும் ஆளுக்கும் இனிப் பப்காரர் சந்தா கட்ட நேரலாம். வலது கையால் ஒரு காசு கொடுத்து இடது கையால் மடியையே அவிழ்த்துக்கொள்வது என்பது இதுதான். மறு வருஷம் ஒரு பைண்டின் சராசரி விலை ஐந்து பவுனை எட்டிவிட்டது.

"ஏறட்டுமே! இன்னும் ஏறினால் குடிப்பவன் குறைவான், நல்லதுதானே?" என்று நம் நேயர்களில் பலர் கேட்கக்கூடும். பீரை மோந்தும் பாராத குடும்பங்களிலேயே நம் பத்திரிகை பெரும்பாலும் படிக்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். குடி குறைய வேண்டும் என்பதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் விலை ஏறினால் குடி குறைகிறதா, அல்லது குடிக்கும் இடம்தான் மாறுகிறதா என்பதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

பைண்டு என்பது 568 மில்லி லிட்டர். அதில் பாதியை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் ஏழைக் கிழவர் மாலைப்பொழுது முழுவதும் கணப்பருகே உட்கார்ந்திருக்கலாம். எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்ச் சங்கங்களின் கூட்டம் அங்கேதான். இழவு வீட்டார் சவ அடக்கத்துக்குப் பிறகு கூடுவதும் அங்கேதான். ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில், தம் மனத்துக்குகந்த பப் ஒன்றை வர்ணித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் பீரின் ருசியைவிட அந்த இடத்தின் சூழ்நிலையைத்தான் பெரிதாகச் சொன்னார். அப்படி ஒரு பப் கிடையவே கிடையாது என்று முடிவில் போட்டும் உடைத்துவிட்டார். 2000-ம் வருஷத்தில் பிரிட்டனில் ஏறக்குறைய 61,000 பப்புகள் இருந்தன. 2024-ல் எஞ்சியவை சுமார் 45,000.

1973-ல் ஒரு பைண்டு 14 பென்ஸ். அந்தக் கணக்கில் விலை முப்பத்தைந்து மடங்கு ஏறியிருக்கிறதே என்று மலைக்கத் தோன்றும். காசைக் காசோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். காசை உழைப்போடு ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1999-ல் அமுலுக்கு வந்தபோது மணிக்கு 3 பவுன் 60 பென்ஸ் கூலி. பைண்டு விலை இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு பைண்டுக்கு அரைமணி உழைப்பு. 2025-ல் கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ்; பைண்டு ஐந்து பவுன். உழைப்பு இருபத்தைந்து நிமிஷம்! கூலிக்காரனுக்குப் பீர் மலிந்திருக்கிறதே தவிர ஏறவில்லை.

பின் ஏன் பப்புகள் மூடப்படுகின்றன? பெரிய பலசரக்குக் கடைகளில் டப்பாவில் அடைத்த பீர், பப் விலையில் பாதிகூட ஆவதில்லை. கடைக்காரருக்குக் கணப்பு மூட்டும் செலவு இல்லை. கோப்பை கழுவ ஆள் இல்லை. உட்கார நாற்காலியும் போட வேண்டியதில்லை. பப்பில் விற்கும் ஐந்து பவுன் பைண்டில் மதிப்புக் கூட்டு வரி 83 பென்ஸ். நாலு சதவிகிதச் சாராயச் சத்துள்ள பீராயின், ஆயத்தீர்வை சுமார் 43 பென்ஸ். ஆக, கால் பங்கு சர்க்காருக்குப் போகிறது. மிச்சத்தில்தான் பீர் ஆலை, வாடகை, கூலி, விளக்கு எல்லாம். 2022-ல் எரிவாயு, மின்சார விலைகள் வானத்தை முட்டியபோது, வீடுகளுக்கு இருந்த விலை உச்சவரம்பு பப்புகளுக்கு இல்லை. டப்பா பீரைவிடப் பீப்பாய் பீருக்குத் தீர்வை குறைவு என்பது உண்மை. 2023-ல் வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த வித்தியாசம் ஒரு பைண்டுக்கு ஏழு பென்ஸ்தான். இரண்டு பவுனுக்கு மேற்பட்ட பள்ளத்தை ஏழு பென்ஸ் மண்ணால் தூர்க்க முடியுமா?

பப்காரரின் கழுத்தில் இன்னொரு கயிறும் இருக்கிறது. பல இடங்களில் கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவர் வெறும் குத்தகைதாரர். பீரைச் சொந்தக்காரக் கம்பெனியிடமே, அது சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளியே மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. முன்பு இந்தக் கட்டு பெரிய பீர் ஆலைகளின் கையில் இருந்தது. அதைத் தளர்த்த 1989-ல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆலைகள் பப்புகளை ஆயிரக்கணக்கில் விற்றன. வாங்கியவர்கள் யார்? கடன் வாங்கிக் கட்டடம் சேர்க்கும் புதுக் கம்பெனிகள்! அவற்றுக்கு ஆலையே கிடையாது. ஆகையால் உத்தரவும் அவற்றைத் தொடவில்லை. அதே கட்டு, கயிற்றின் நுனியைப் பிடித்த கை மட்டும் வேறு. பட்ட கடனுக்கு வட்டியும் பைண்டின் தலையிலேயே ஏறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கம்பெனிகளின் குத்தகைதாரர்கள், சில தருணங்களில், சந்தை வாடகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பீரை இஷ்டப்பட்ட இடத்தில் வாங்கலாம் என்ற உரிமை 2016-ல்தான் வந்தது.

மற்ற தேசங்களிலும் இது ராஜாங்க விவகாரமே. 1844-ம் வருஷம் மே மாதம் பவேரியாவில் பீர் விலை உயர்ந்தபோது, ம்யூனிக் ஜனங்கள் திரண்டு பீர் ஆலைகளைச் சூறையாடினார்கள். அடக்க வந்த சிப்பாய்களுக்கும் அந்தக் காரியத்தில் உற்சாகமில்லை. முதலாம் லுட்விக் அரசர் விலையை இறக்க நேர்ந்தது. எங்கெல்ஸ் இச்செய்தியை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பி ரசித்தார். 2025-ம் வருஷத்து ம்யூனிக் அக்டோபர் விழாவில் ஒரு லிட்டர் பதினாலரை யூரோவிலிருந்து பதினாறு யூரோவை நெருங்கியது. ஆலைகளில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. தலைக்குத் தலை உலகிலேயே அதிகமாகப் பீர் குடிக்கும் செக் நாட்டார், 2020-ல் நோய்க் காலத்தில் விடுதிகளைக் காப்பாற்றப் பீப்பாய் பீரின் விற்பனை வரியை 21 சதவிகிதத்திலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் 21-ஆக்கிவிட்டார்கள். அங்கும் பாட்டில் வாங்கி வீட்டுக்குப் போவோர் பெருகி வருகிறார்கள்.

விலை ஏறியதால் பப்பை விட்டவர் குடியை விட்டாரில்லை. பிரிட்டனில் பப்புகளில் விற்பதைவிடக் கடைகளில் விற்கும் பீர்தான் அதிகம் என்ற நிலை சென்ற பத்தாண்டில் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் பார்க்க, அளந்து ஊற்றிய கோப்பையைக் குடித்தவர், இப்போது வீட்டில் அளவில்லாமல் டப்பாவைத் திறக்கிறார். அங்கே "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லப் பப்காரர் இல்லை. சொல்ல வேண்டியவள் மனைவி. பப்காரரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவள் சொல்லுக்கு உண்டா என்பதை நம் பெண் நேயர்களிடமே விட்டுவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் 1983 முதல் பீர்த் தீர்வை வருஷத்துக்கு இருமுறை விலைவாசியோடு தானாகவே ஏறிக்கொண்டு வந்தது. பீப்பாய் பீருக்கு மட்டும் அந்த ஏற்றத்தை 2025 ஆகஸ்டு முதல் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மையாரின் ஒரு பென்னியைவிட இது மேலான யோசனை என்பது நம் அபிப்பிராயம்.