நாயின் காதில் சின்ன வெட்டு... ஏன் தெரியுமா?

கோவை பூலுவபட்டி, ஈரோடு மாவட்டம் பவானிசாகர் என கொங்கு மண்டலத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை அரசு மாற்றியது 2021-ல்தான். நெருக்கமான வீடுகள், சின்ன வாசல். குழந்தைகள் விளையாடுவதும் நாய்கள் படுத்திருப்பதும் அங்கேதான். மிச்ச சோறு வைத்துப் பழகிய நாயை விரட்டவும் மனசு வராது.

'பிடிச்சிட்டுப் போய் எங்கேயாவது விட்டுடுங்க' என்பதுதான் எல்லா ஊரிலும் எழும் கோரிக்கை. ஆனால், 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இடம் காலியானால் கருத்தடை ஆகாத வேறு நாய்கள் வந்துவிடும். பெண் நாய் சினையான இரண்டே மாதத்தில் குட்டி போடும் என்பதால், நான்கைந்தை விட்டுவைத்தாலும் பழைய கதைதான். காதில் சிறு வெட்டு இருந்தால், அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம்.

இது உள்ளாட்சியின் பொறுப்பு. கோவை மாநகராட்சிக்கு உக்கடத்திலும் சீரநாயக்கன்பாளையத்திலும் கருத்தடை மையங்கள் உண்டு. பூலுவபட்டி பேரூராட்சி என்பதால் மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், குடியுரிமை இல்லாத முகாம்வாசிகளுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு கேட்டு வராத கவுன்சிலரிடம் உரிமையோடு எப்படிப் பேசுவது? பக்கத்துத் தெருக்காரர்களும் அதே மனுவில் கையெழுத்துப் போட்டால் பலம் கூடும். சுற்றுவது அதே நாய்கள்தானே!

கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம்.