கடல் கடந்த பாடசாலை

பிழைப்பை முன்னிட்டுக் கடல் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் முன்னாளில் சென்றவர்களிற் பலர் தனியே சென்றனர். பிள்ளைகள் ஊரிலேயே படித்தனர். இன்று சிங்கப்பூருக்கு எஞ்சினீயர்களாகவும் கணக்கர்களாகவும் கணினித் தொழிலுக்கும் செல்லும் நம்மவர்கள் மனைவி மக்களுடன் செல்கின்றனர். போய் இறங்கியவுடன் அவர்கள் முன் நிற்கும் கேள்வி, பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்பதே. வாடகை வீட்டுக்காக ஒரு மாதம் அலைகின்றவர்கள், இக்கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதில் விடை கண்டுவிடுகின்றனர். அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரர் தம் பிள்ளையை எங்கே சேர்த்தாரோ அங்கேயே தம் பிள்ளையையும் சேர்த்துவிட்டு நிம்மதியடைகின்றனர்.

‘சர்வதேசப் பள்ளி’ என்னும் பெயரில் ஒரு மயக்கம் இருக்கிறது. நம் ஊர்களிலேயே, வேற்று நாட்டுக் குழந்தை ஒன்றுகூடப் படியேறாத பள்ளிகளின் வாயிலில் அப்பெயர் பளபளக்கக் காண்கிறோம். அப்பெயருக்கு உண்மையான பொருள் ஒரு காலத்தில் இருந்தது. 1924-இல் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் அலுவலகத்திலும் பணி புரிய வந்தவர்களின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி ஏற்பட்டது. அக்குழந்தைகள் பிற்பாடு எந்தத் தேசத்துச் சர்வகலாசாலையிலும் சேரத் தக்கதொரு பொதுப் பரீட்சை வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1968-இல் அதே நகரில் ‘இன்டர்நேஷனல் பக்காலோரியட்’ என்னும் ஸ்தாபனம் பிறந்தது. ஆகவே, அயல்நாட்டில் தங்கும் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்ற கவலையில் உதித்ததே இக்கல்வி முறை. அந்தக் கவலையை மறந்து பெயரை மட்டும் விலை கொடுத்து வாங்குவதையே நாம் கண்டிக்கிறோம்.

சிங்கப்பூரில் நம்மவருக்கு மூன்று வழிகள் உண்டு: அந்நாட்டு அரசாங்கப் பள்ளி, இந்தியப் பாடத்திட்டத்தில் நடக்கும் தனியார் பள்ளி, பிரிட்டிஷ், அமெரிக்க, பக்காலோரியட் முறைகளில் நடக்கும் பள்ளிகள். கடைசி வகையில் ஆண்டுக்கு 40,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் பள்ளிகளும் உள. அங்கெல்லாம் பிரெஞ்சும் ஸ்பானிஷும் சீனமும் கற்கலாம். தமிழைப் பெரும்பாலும் காணவியலாது. அடுத்த தெருவிலுள்ள அரசாங்கப் பள்ளியிலோ, நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்றான தமிழ், தாய்மொழிப் பாடமாகப் போதிக்கப்படுகிறது. ஆறாம் வகுப்பின் முடிவில் நடக்கும் பொதுப் பரீட்சையில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவே தாய்மொழிக்கும். தமிழ் கற்போர் தொகை குறைந்த பள்ளிகளின் மாணவர்கள் வேறு மையத்துக்குச் சென்று கற்கவும் ஏற்பாடு உண்டு. பணத்தைக் கொட்டித் தமிழை இழப்பதும், பொதுப் பள்ளியில் தமிழைப் பெறுவதும் ஒரே ஊரில் நிகழ்கின்றன!

இவ்வாறு சொல்வதால் எல்லாரும் அரசாங்கப் பள்ளிக்கே செல்லலாம் என்று நாம் எண்ணிவிடவில்லை. அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்த பிறகே அயலாருக்கு முதல் வகுப்பில் இடம், அதுவும் நிச்சயமன்று. இடைவகுப்பில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்வெழுத வேண்டும், தேறினாலும் இடமிருந்தால்தான். கிடைத்தவர்களுக்கும் ஆறாம் வகுப்புப் பரீட்சையின் நெருக்கடி சாமானியமானதன்று. இவற்றையெல்லாம் எடை போட்டு ஒருவர் வேறு வழியைத் தேர்ந்தால் அவரைக் குறை கூறோம். எடை போடாமலே தேர்பவரைத்தான் கேட்கிறோம்: ஐயா, தங்கள் உத்தியோக ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? அது முடிந்ததும் பிள்ளை எங்கே படிக்கும்?

இதற்கு விடை சொல்லாதவர் பின்னால் படும் பாடு பெரிது. சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளிகளில் ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மேல்நாட்டு முறைப் பள்ளிகளிற் பல ஆகஸ்டில் தொடங்குகின்றன. நடுவில் ஊர் மாறும் பிள்ளைக்கு அரை வருஷம் வீணாவதும், படித்ததையே மறுபடி படிப்பதும், படியாததில் பரீட்சை எழுதுவதும் இதனால்தான்.

மருத்துவப் படிப்பு விஷயத்தில் சங்கடம் இன்னும் நுட்பமானது. பக்காலோரியட் மேல்வகுப்பில் ஆறு பாடங்கள். அவற்றின் சாதாரண அமைப்பில் விஞ்ஞானப் பாடங்கள் இரண்டுதான் அடங்கும். இந்தியாவில் மருத்துவம் கற்கவோ பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் வேண்டும். அம்மூன்றையும் எடுக்கத் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும். அதன் மேல் ‘நீட்’ தேர்வு. அதன் பாடம் இந்தியப் பள்ளிப் புத்தகங்களைத் தழுவியது. பதினாறு வயதில் பாடம் தேரும்போது இதை யாரும் எடுத்துச் சொல்லாமல், பதினெட்டு வயதில் கண்டுபிடித்துத் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. மகளை டாக்டராக்க விரும்பும் தந்தை, பள்ளியின் நீச்சல் குளத்தைப் பார்க்கும் முன் இதைக் கேட்டறிவது நலம்.

தாய்மொழியும் இந்தத் திரும்பும் கணக்கில் சேர்ந்ததே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாய பாடமாக்க 2006-இல் சட்டம் இயற்றப்பட்டது. அயல்நாட்டில் எட்டு ஆண்டு தமிழெழுத்தைக் காணாமல் வளர்ந்த பிள்ளை, தன் ஊரிலேயே தன் பாஷையில் அட்சராப்பியாசம் தொடங்க வேண்டியதாகிறது. பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாத பேரன் மூன்று பாஷைகளில் சான்றிதழ் வைத்திருப்பதில் என்ன பெருமை உண்டோ, நமக்கு விளங்கவில்லை. வீட்டில் பேசினால் போதும் என்பார்க்கும் ஒன்று சொல்வோம். தமிழ் ஆட்சி மொழியாயிருந்தும், சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010-இல் 100-க்கு 3.3 ஆக இருந்தனர், 2020-இல் 2.5 ஆகக் குறைந்தனர். வீடும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கினாலன்றி மொழி நிற்பது அரிது.

விலை உயர்ந்த பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பக்காலோரியட் விதிகளிலேயே, ஆசிரியர் இல்லாத மொழியின் இலக்கியத்தையும் பள்ளியின் துணையோடு மாணவன் தானே கற்றுப் பரீட்சை எழுத இடமுண்டு. ஆங்கிலத்தையும் தாய்மொழியையும் இவ்வாறு இலக்கியமாகக் கற்றுத் தேறியவர்க்கு இருமொழிப் பட்டயமே வழங்குகின்றனர். இதைப் பெற்றோர் அறிந்து கேட்டாலன்றிப் பள்ளி தானாக முன்வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் சிலவற்றில் தமிழ் இப்போதே உண்டு. அங்கேயும் தமிழ்ப் பெற்றோர் வேறு பாஷையைத் தேர்ந்துவிட்டால் தமிழ் வகுப்பு நிலைக்காது.

அந்நகரில் நம்மவர் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் நிரம்புகிறது. அச்சங்கத்தார், எந்தப் பள்ளியில் தமிழ் உண்டு, எவ்வகுப்பு வரை உண்டு, எந்த மாதம் சேர்க்கை, எந்தப் பரீட்சை இந்தியாவில் எதற்குச் செல்லும் என்ற விவரங்களைத் தமிழில் அச்சிட்டு, புதிதாய் வந்திறங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கொடுக்கலாம். தமிழ் இல்லாத பள்ளியில் இருபது தமிழ்க் குழந்தைகள் இருப்பின், இருபது தந்தையரும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுத் தலைமை ஆசிரியரிடம் நேரிற் சென்று கொடுக்கலாம். அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர்களை நியமித்து முடிப்பதற்கு முன்னரே அதனைச் செய்தல் வேண்டும்.