பேரம் பேசலாம், பேச்சு மாறலாமா?

தில்லியிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான். 2023 நவம்பரில் தாய்லாந்து அரசு இந்தியப் பயணிகளுக்கு விசா வேண்டாம் என்று சொன்னதிலிருந்து, நம் சங்கத்து அன்பர்களில் விடுமுறைக்கு அங்கே போய் வராதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது. போகட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் போகிறவர்கள் கரோல் பாகையும் சரோஜினி நகரையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரோஜினி நகர் இலக்கணம் நமக்கெல்லாம் மனப்பாடம். கடைக்காரர் நானூறு என்றால் நாம் நூறு என்று ஆரம்பிக்க வேண்டும். சாமானில் நாலு குறை சொல்ல வேண்டும். அடுத்த கடையில் எண்பதுக்குக் கிடைக்கிறது என்று ஒரு பொய். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் அவரே பின்னாலிருந்து கூப்பிடுவார். இரண்டு பக்கமும் குரல் உயரும். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. அது இந்த ஊர் ஆட்டம்.

பாங்காக்கின் சாத்துசாக் சந்தையிலும் பேரம் உண்டு. சனி, ஞாயிறுகளில் களைகட்டும் சந்தை அது. முன்பு அரண்மனைக்கு அருகே சனாம் லுவாங் மைதானத்தில் நடந்துகொண்டிருந்து, 1982இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 27 பகுதிகள், ஆயிரக்கணக்கான கடைகள். ஆனால் அங்கே நானூறு, நூறு கணக்கெல்லாம் கிடையாது. 300 பாட் சொன்ன பை 250க்கு வரலாம். இரண்டாக வாங்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். குரலை உயர்த்தினால் அதுவும் வராது. பதற்றமில்லாத குணத்தை அவர்கள் 'ஜாய் யென்' என்கிறார்கள், குளிர்ந்த நெஞ்சம் என்று பொருள். சிடுசிடுப்புக்கு 'ஜாய் ரோன்', சூடான நெஞ்சம். சந்தையில் கத்துகிறவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் நினைப்பதில்லை. பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

அங்கே நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரம் பேசியதைப் பார்த்தேன். கடைக்கார அம்மாள் கால்குலேட்டரில் 300 என்று காட்டினார். இவர் அதை வாங்கி 100 என்று தட்டினார். பத்து நிமிடம் கால்குலேட்டர் கை மாறி மாறிப் போயிற்று. கடைசியில் இவர் 180 என்று தட்ட, அந்த அம்மாள் சற்று யோசித்துத் தலையசைத்துப் பையை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். இவரோ, "இன்னும் நாலு கடை பார்த்துவிட்டு வருகிறேன்" என்று நடையைக் கட்டினார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிய காகிதத்தைப் பிரித்து மடித்து வைத்தார்.

விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குகிறவர் உரிமை. ஆனால் நாம் சொன்ன விலைக்கு அவர் சம்மதித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. வாங்க மனமில்லாத பொருளுக்கு விலையே சொல்லக்கூடாது. மொழி தெரியாத ஊரில் நம் வாய்ச்சொல்லுக்கு ஈடாக இருப்பது அந்தக் கால்குலேட்டர் எண் ஒன்றுதான்.

"ஏழைகளிடம் பேரமா? கேட்டதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று சில அன்பர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பேரத்துக்கு இடம் வைத்துச் சொன்ன விலையில் கொஞ்சம் பேசி வாங்குவதில் குற்றமில்லை. பேசும்போது இரண்டு பேருக்கும் ஒரு சிரிப்பாவது மிஞ்சும். ஆனால் குளிரூட்டிய பெரிய அங்காடியில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்களே, வாசலில் கையால் பின்னிய பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கடைசி 20 பாட்டுக்கு மல்லுக்கட்டுவது எந்த ஊர் நியாயம்? சாப்பாட்டுக் கடையில் பேரமே வேண்டாம். டாக்சியில் மீட்டர் போடச் சொன்னால் போதும். டுக்டுக்கில் மட்டும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன், இருபதே பாட் என்றால் ஏறாதீர்கள். அவர் நிறுத்துமிடம் கமிஷன் தரும் ரத்தினக் கடையாக இருக்கும்.

கேட்கும் விதம் ஒன்றும் கடினமில்லை. முதலில் ஒரு புன்னகை. பொருளில் குறை தேடாமல், "லொட் நொய் டாய் மய்?" என்று கேட்டால் 'கொஞ்சம் குறைக்க முடியுமா' என்று அர்த்தம். ஆண்கள் கடைசியில் 'க்ரப்' சேர்க்க வேண்டும், பெண்கள் 'கா'. பிரதுனாம் பக்கம் துணி வாங்குகிறவர்கள் மூன்றாக எடுத்தால் பல கடைகளில் மொத்த விலைக்கே தருவார்கள், வாதமே தேவையில்லை. விலை கட்டுப்படியாகவில்லையா, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து நன்றி சொல்லி நகருங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் போணி என்கிறோமே, தில்லி கடைக்காரரும் போஹ்னி என்கிறாரே, அந்த நம்பிக்கை அங்கேயும் இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போனால் விலை கொஞ்சம் இளகும். ஆனால் அந்த நேரத்தில் சும்மா விலை கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வாங்கிவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: நீங்கள் கொடுத்த நோட்டால் அந்த அம்மாள் கடையில் மீதியிருக்கும் சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார்.