76 காசுக் கணக்கு

2022 மார்ச் 22-ஆம் தேதி தொடங்கிய பெட்ரோல், டீசல் விலையேற்றம் ஏப்ரல் 6-ஆம் தேதியோடு சற்றே மூச்சு வாங்கியது. 16 நாட்களில் 14 முறை விலை ஏறியிருந்தது. சென்னையில் பெரும்பாலான நாட்களில் 75 காசு, 76 காசு என்று ஏறி, 101 ரூபாய் 40 காசாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசாகவும், 91 ரூபாய் 43 காசாக இருந்த டீசல் 100 ரூபாய் 94 காசாகவும் ஆகிவிட்டன. தினம் 4 லிட்டர் போடும் ஆட்டோக்காரருக்கு நாளொன்றுக்கு 38 ரூபாய் கூடுதல் செலவு. மாதம் 25 நாள் ஓட்டினால் ஏறத்தாழ 950 ரூபாய். அவருக்கு அரசு நிர்ணயித்த கட்டணமோ 2013-இல் இருந்த இடத்திலேயே இருந்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 350 லிட்டர் டேங்க் உள்ள லாரியை ஒரு முறை நிரப்ப 3,300 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வேண்டியிருந்தது. அந்தப் பணம் கோயம்பேட்டில் இறங்கும் காய்கறியின் விலையில்தான் வந்து சேரும்.

காரணம் கேட்டபோது மத்திய அரசு உக்ரைனைக் கைகாட்டியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 24-இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச் 7-இல் பிரெண்ட் கச்சா எண்ணெய் பேரல் 139 டாலரைத் தொட்டது. தேவையில் 85 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு இந்த அடியிலிருந்து தப்ப முடியாது. ஆனால் போரால் ஏறியது எவ்வளவு, அதற்கு முன்பே நம் தலையில் ஏற்றி வைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல், டீசல் விலை தினந்தோறும் சந்தைக்கேற்ப மாறும் என்பது விதி. விலையை முடிவு செய்வது எண்ணெய் நிறுவனங்கள், அரசுக்கு அதில் பங்கில்லை என்பது நாடாளுமன்றத்தில் பலமுறை கேட்ட பதில். ஆனால் 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை, 137 நாட்கள், விலைப்பலகை அசையவே இல்லை. போர் தொடங்கும் முன்பே கச்சா எண்ணெய் 90 டாலரைத் தாண்டியிருந்தது; அப்போதும் அசையவில்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10-இல் வந்தன. பன்னிரண்டாம் நாள் மீட்டர் ஓடத் தொடங்கியது. தமிழகத்துக்கு இது புதிதல்ல. 2021-இல் சட்டமன்றத் தேர்தலில் நாம் வாக்களித்த காலத்திலும் விலை ஏறவில்லை. மே 2-இல் வாக்குகளை எண்ணினார்கள், மே 4-இல் ஏற்றம் தொடங்கியது.

இந்த மௌனம் இலவசமும் அல்ல. 137 நாட்களில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சுமார் 19,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று மூடிஸ் தரமதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டது. தேர்தல் காலத்தில் நமக்குக் கிடைத்த நிம்மதிக்கான பில்தான் பிறகு தவணை தவணையாக நீட்டப்பட்டது.

அடுத்தது வரி. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் உலகமே முடங்கியபோது இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 20 டாலருக்கு இறங்கியது. நியாயமாகப் பார்த்தால் அன்று பெட்ரோல் மலிந்திருக்க வேண்டும். மத்திய அரசு அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலும் கலால் வரியை உயர்த்தி, இறங்கிய விலையைத் தன் கருவூலத்துக்குத் திருப்பிக்கொண்டது. பெட்ரோல் மீது 19 ரூபாய் 98 காசாக இருந்த வரி 32 ரூபாய் 98 காசானது. டீசல் மீது 15 ரூபாய் 83 காசாக இருந்தது 31 ரூபாய் 83 காசானது. 2014-15-இல் பெட்ரோலியப் பொருட்கள் மீதான கலால் வரி ஒரு லட்சம் கோடி ரூபாயைக்கூடத் தொடவில்லை. 2020-21-இல் அது 3.7 லட்சம் கோடி. 2021 தீபாவளிக்கு முதல் நாள் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தார்கள். அதன் பிறகும் பெட்ரோல் மீது 27 ரூபாய் 90 காசு இருந்தது. கொரோனாவுக்கு முன்பிருந்த அளவுக்கு இறக்கியிருந்தாலே 2022-இன் ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

இதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்கள் இரண்டு. வளர்ந்த நாடுகளில் ஓராண்டில் பெட்ரோல் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது, இந்தியாவில் 5 சதவீதம்தான் என்று மக்களவையில் பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி சொன்னார். அந்த நாடுகளில் கச்சா எண்ணெய் விழுந்தபோது பெட்ரோல் பங்க்கில் விலையும் விழுந்தது. பள்ளத்திலிருந்து ஏறியதால் ஏற்றம் பெரிதாகத் தெரிந்தது. இங்கே இறங்கவே விடவில்லை, அதனால் ஏற்றம் சிறிதாகத் தெரிந்தது. இன்னொன்று, முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற எண்ணெய்ப் பத்திரங்களின் கடன். 2021-22-இல் அசலும் வட்டியுமாக அதற்குச் செலுத்த வேண்டியிருந்தது சுமார் 20,000 கோடி. மூன்றரை லட்சம் கோடிக்கு மேல் வசூலித்துவிட்டு 20,000 கோடியைக் காரணம் காட்டுவது கணக்குக்கு நிற்காது.

மாநிலங்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சம பங்கு இல்லை. பெட்ரோல் மீது அப்போதிருந்த 27 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. அதில் 41 சதவீதம், அதாவது 57 காசுதான் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிட்டது. பகிர வேண்டிய வரியைச் சுருக்கி, பகிர வேண்டாத வரியைப் பெருக்கிவிட்டு, மாநிலங்கள் ஏன் குறைக்கவில்லை என்று கேட்பது முறையல்ல.

அதற்காக அப்போது கோட்டையில் இருந்த மாநில ஆட்சியாளர்கள் கைகழுவிவிட முடியாது. பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்பது தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதி. பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பை ஏற்று எடுத்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. டீசலுக்கான வாக்குறுதி அப்போதும் காகிதத்தில்தான் இருந்தது. அப்போது தமிழகத்தில் பெட்ரோல் மீதான மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அதோடு 11 ரூபாய் 52 காசு. இந்த 13 சதவீதத்தால், அந்த ஏற்றத்தில் லிட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் மாநிலத்துக்கும் கூடுதலாகக் கிடைத்தது. எதிர்பாராமல் வந்த அந்த வருவாயையாவது மாநில அரசு திருப்பித் தந்திருக்க வேண்டும்.

விலையை அப்படியே நிறுத்தி வையுங்கள் என்று அப்போது எதிர்க்கட்சிகள் கேட்டதையும் ஏற்க முடியாது. கையில் டாலர் தீர்ந்துபோனால் எந்த விலைக்கும் எண்ணெய் கிடைக்காது என்பதைக் கண்ணெதிரே அன்று இலங்கை காட்டிக்கொண்டிருந்தது. அங்கே மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் காத்திருந்த முதியவர்கள் சுருண்டு விழுந்து இறந்தார்கள். எண்ணெய் மீது வரியே கூடாது என்பதும் பொறுப்பான பேச்சல்ல. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் ஒரு ரூபாய் குறைத்தால், அன்றைய கணக்கில், மத்திய அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய் குறையும். சாலைக்கும் ரேஷனுக்கும் தடுப்பூசிக்கும் பணம் வேண்டும்தான். பெட்ரோல், டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவருவது ஒரே நாளில் தீர்வு தரும் என்பதும் மிகை; மாநிலங்கள் தாமே முடிவு செய்யக்கூடிய சில வரிகளில் எரிபொருள் வரியும் ஒன்று.

நாம் கேட்பது ஒரு விதி. கச்சா எண்ணெயின் எந்த விலையை அடிப்படையாக வைத்து வரி வருவாயைக் கணக்கிட்டோம் என்பதை மத்திய அரசு பட்ஜெட்டிலேயே அறிவிக்கட்டும். மாதச் சராசரி அந்த அளவைத் தாண்டி 10 டாலர் ஏறினால் கலால் வரி இத்தனை ரூபாய் தானாக இறங்கும், 10 டாலர் இறங்கினால் இத்தனை ரூபாய் ஏறும் என்று அட்டவணை போட்டுச் சட்டமாக்கட்டும். விலை சரியும்போது வரி ஏறுவதை அப்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; ஏறும்போது அது இறங்கும் என்ற உத்தரவாதம் கையில் இருக்கும். செஸ் என்று வசூலிப்பதில் பெரும்பகுதியை அடிப்படைக் கலால் வரிக்குள் கொண்டுவந்து மாநிலங்களுடன் பகிரட்டும். மாநிலங்களும் சதவீத வரியைக் கைவிட்டு, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான வரிக்கு மாறட்டும்.

விதி வரும்வரை காத்திருக்க முடியாதவர்களும் இருந்தார்கள். மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலையை 2022 மார்ச்சில் ஒரே வீச்சில் லிட்டருக்கு 25 ரூபாய் ஏற்றியதால், மக்களை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்துகள் தனியாரைவிட அதிக விலை கொடுக்கும் விசித்திரம் நடந்தது. கேரளப் போக்குவரத்துக் கழகம் இதற்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அரசுப் பேருந்துக்குச் சில்லறை விலையைவிடக் கூடுதலாக வாங்குவதை உடனே நிறுத்தியிருக்க வேண்டும். ஆட்டோ கட்டணத்தையும் மாநில அரசு தள்ளிப்போடாமல் திருத்தியிருக்க வேண்டும்.

மத்திய அரசு அவ்வப்போது மனமிரங்கி வரியைக் குறைக்கலாம். குறைத்தால் வரவேற்போம். ஆனால் அதை ஒரு பரிசாக ஏற்க வேண்டியதில்லை, அது 2020 முதல் நம்மிடமிருந்து எடுத்ததில் ஒரு பகுதி. அடுத்த தேர்தலுக்குள் விதியை எழுதிவிட்டால், அப்போது விலை ஏறாமல் நின்றாலும் இறங்கினாலும் அட்டவணையைப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம். எழுதாமல் விட்டால், அடுத்த விலைக் குறைப்பையும் அடுத்த விலையேற்றத்தையும் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்தே மக்கள் கணித்துக்கொள்வார்கள்; அந்தக் கணிப்பு தவறாது என்பதுதான் இந்த அரசின் மீதான குற்றச்சாட்டு.