அடிபட்ட மானுக்கு வைத்தியச் செலவு யார் தலையில்?

கேள்வி: "எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில், காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி அறுத்த கொல்லையில் ஊர் நாய்கள் ஒரு புள்ளிமான் குட்டியை விரட்டிக் கடித்துப் போட்டுவிட்டன. பையன்கள் நாய்களைத் துரத்திவிட்டு, குட்டியைத் தூக்கிவந்து மாட்டுக் கொட்டகையில் கட்டி வைத்திருக்கிறார்கள். தொடையில் கிழிந்த காயம். பின்னங்கால் ஒன்றை ஊன்றவே இல்லை. எலும்பு முறிந்திருந்தால் பல வாரம் வைத்தியம் பார்க்கவேண்டி வரும் என்கிறார்கள். வீடு வீடாகப் போய் 1,340 ரூபாய் வசூல் செய்திருக்கிறார்கள். அது போதாது. மீதிச் செலவை யார் கொடுப்பது? வனத்துறைக்குச் சொன்னால் எங்கள் மேல் வழக்குப் போடுவார்களா?"

பதில்: கேள்வி கேட்டவருக்கு அன்றைக்கே தொலைபேசியில் பதில் போய்விட்டது. மானும் வனத்துறையின் கைக்குப் போய்விட்டது. அடிபட்ட உயிர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் இதழுக்காகக் காத்திருக்காது. ஆனால் அறுப்புக் காலம் வந்தால் காட்டோர ஊர்களில் இதே கேள்வி திரும்பத் திரும்ப எழும் என்பதால், விவரமாகவே இங்கே தரப்படுகிறது.

செலவு விவசாயியின் தலையில் விழாது. காட்டு விலங்குக்குப் பொறுப்பாளி அரசு. காயத்துக்கு மருந்து போடுவது, எலும்புக்குக் கட்டுப் போடுவது, தேறும்வரை தீனி போடுவது, தேறாவிட்டால் ஆயுள் முழுக்க வைத்துக் காப்பாற்றுவது எல்லாம் வனத்துறையின் கணக்கு. வனத்துறையின் கால்நடை மருத்துவரோ, அவர்கள் அழைத்து வரும் அரசு கால்நடை மருத்துவரோ வந்து பார்ப்பார். கண்டெடுத்தவரிடம் பணம் கேட்கும் வழக்கம் இல்லை.

அடுத்தது வழக்கு பயம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்கு ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். சொல்லிவிட்டவருக்குச் சிக்கல் இல்லை. சொல்லாமல் வாரக்கணக்கில் கட்டி வைத்து வளர்ப்பவருக்குத்தான் சிக்கல். 'பாவம் பார்த்து வளர்த்தேன்' என்பது அங்கே எடுபடாது. இந்தப் பயத்தினாலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. மான் கொட்டகையிலேயே செத்துப்போகிறது, இரவோடு இரவாகப் புதைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வழக்கு வருகிறது.

பையன்களின் நல்ல மனதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் செய்ததில் சில ஆபத்தானவை. மான் இனத்துக்கு மனிதக் கை பட்டாலே உயிர் பதறும். துரத்திப் பிடித்து, கட்டிப்போட்டு, சுற்றிலும் கூட்டம் நின்று பார்த்தால், காயத்தினால் அல்ல, பயத்தினாலேயே தசைகள் சிதைந்து ஓரிரு நாளில் இறந்துபோகும். ஆகவே ஒரு சாக்கையோ துணியையோ கண்ணை மறைத்துப் போட்டு, இருட்டான, சந்தடி இல்லாத இடத்தில் விட்டு, ஆளை அனுப்பிவிட வேண்டும். பால் புகட்டக் கூடாது. படுத்திருக்கும் குட்டிக்குப் புட்டியில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மாட்டுக் கொட்டகை கூடவே கூடாது. கோமாரி நோய் மானிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து மானுக்கும் தாவும். நான்கு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் வீட்டில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கடித்தது நாய். எந்த நாய், தடுப்பூசி போட்ட நாயா என்று யாருக்கும் தெரியாது. மானைத் தூக்கியவர்களின் கையில் சிராய்ப்போ வெட்டுக்காயமோ இருந்து, அதில் எச்சிலோ ரத்தமோ பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். மானுக்கு வைத்தியம் தேடிய அவசரத்தில் இதை மறந்தால் அப்புறம் வைத்தியமே கிடையாது.

அடிபடாத குட்டி தனியாகப் படுத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். புள்ளிமான் தாய் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும். திரும்பி வந்து பால் கொடுக்கும். அனாதை என்று நினைத்துத் தூக்கிவந்த குட்டிகளில் பாதியை அனாதையாக்கியது தூக்கியவர்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, எடுத்துப் போன பிறகு என்ன நடக்கும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஓசூர்ப் பக்கத்திலேயே ஊரறிந்த கதை ஒன்று உண்டு. 2017-ல் ஓசூர் வனப்பகுதியில் ஒரு குட்டி யானை தனியாகக் கிடைத்தது. தாய் மின்சாரம் பாய்ந்து இறந்துவிட்டது. குட்டியின் உடம்பில் காயங்கள், வாலில் நாய்க்கடி. அதை நீலகிரி மாவட்டம் முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு அனுப்பினார்கள். பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் ரகு. 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கிய 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப் படத்தில் உலகமே பார்த்த ரகு, நம் பக்கத்துக் குட்டி.

படத்தில் குளிப்பதும் விளையாடுவதும் தெரியும். செலவு தெரியாது. பால்குடி மாறாத யானைக் குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் கண்டுவிடும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் டப்பா மாவுப் பாலைத்தான் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதுவும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். குழந்தை குடிக்கும் அளவு வேறு, யானைக் குட்டி குடிக்கும் அளவு வேறு. டப்பா விலை தெரிந்த தாய்மார்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை. பால் மறந்த பிறகு ராகிக் களி, கொள்ளு, அரிசி, வெல்லம், தேங்காய், உப்பு, தாது உப்பு, அதோடு பசுந்தழை. இரவும் பகலும் கூடவே ஒரு ஆள். யானை மனிதனைப் போல அறுபது வயதைத் தாண்டியும் வாழும் பிராணி. முதல் மாதத்து மருந்துச் செலவு இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இத்தனை செய்தும் எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. ஆஸ்கர் செய்தி வந்த நாளில் பொம்மன் முதுமலையில் இல்லை. தாயைப் பிரிந்த வேறொரு குட்டியைக் கவனிக்கப் போயிருந்தார். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி அது. கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மார்ச் மாதம் முடிவதற்குள் வயிற்றுக் கோளாறில் இறந்துபோனது.

முகாமின் தீனி, மருந்து, சம்பளம் எல்லாம் வனத்துறைக்கு அரசு ஒதுக்கும் நிதியில் நடக்கிறது. விருது வந்த உடனே முதலமைச்சர் பொம்மனுக்கும் பெள்ளிக்கும் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்தார். தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் பாகன்கள், காவடிகள் 91 பேருக்கும் தலா 1 லட்சம், அவர்களுக்கு வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம் என்று அறிவித்தார். பெள்ளிக்கு அந்த ஆகஸ்டில்தான் நிரந்தரக் காவடி வேலை கிடைத்தது. குட்டி யானைகளைத் தாயாக நின்று வளர்த்த பெண் அதுவரை தற்காலிக ஊழியர். விருது வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் எப்போது வந்திருக்கும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பொதுமக்களும் பணம் கொடுக்கலாம். வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவிலும், ஓசூரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள பன்னேர்கட்டா பூங்காவிலும் ஒரு விலங்கைத் தத்தெடுத்து அதன் தீனிச் செலவை ஏற்கும் திட்டம் உண்டு. அதே பன்னேர்கட்டாவில், கரடி வித்தைக்காரர்களிடமிருந்து மீட்ட கரடிகளுக்கென்று ஒரு மையம் 2005 முதல் நடக்கிறது. கர்நாடக வனத்துறையோடு சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. மூக்கில் துளை போட்டு, பல் பிடுங்கப்பட்ட கரடிகளைக் காட்டில் விட முடியாது. சாகும்வரை கூழ் காய்ச்சி ஊற்ற வேண்டும். நன்கொடையில்தான் அந்தக் கூழ் காய்கிறது.

இதைப் படிக்கும் விவசாயிக்கு வயிறு எரிவது நியாயமே. 'யானைக் குட்டிக்கு டப்பா பால் வாங்கப் பணம் இருக்கிறது, யானை மிதித்த என் ராகிக்குக் காசு எப்போது வரும்?' என்று தளியிலும் ஜவளகிரியிலும் கேட்காத ஆள் இல்லை. ஐப்பசி பிறந்தால் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி, சானமாவு, ஊடேதுர்க்கம் காடுகள்வரை வந்து, வழியெல்லாம் ராகியை மேய்ந்து, போரையும் கலைத்துவிட்டுப் போகின்றன. பரணில் விழித்திருந்து கண் சிவந்த மனிதனிடம் ஜீவகாருண்யம் பேசுவது சுலபம். இழப்பீடு தாமதமாகிறது என்பது உண்மை. அது விரைவாக வரவேண்டும் என்று கேட்பது அவர் உரிமை. ஆனால் சேதமான அன்றைக்கே, கொல்லையைச் சுத்தம் செய்யும் முன்பே படம் எடுத்து, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கியவர் கையில்தான் பிடி இருக்கிறது. நான்கு நாள் கழித்துப் போனால் எந்த அதிகாரியும் எதை வைத்து மதிப்பிடுவார்?

அந்த எரிச்சலில் மோட்டார் ரூமிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வரப்பில் கட்டுகிறார்களே, அதுதான் எல்லாச் செலவுக்கும் தொடக்கம். ரகுவின் தாய் மின்சாரத்தில் செத்தது. 2023 மார்ச் 7 அன்று தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன, கொல்லைக்காரர் கைதானார். யானையைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. அதே கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த மகன் மாட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு.

சூரிய மின்வேலி வேறு சாதி. அதில் மின்சாரம் விட்டுவிட்டு, கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு அடி அடித்து நின்றுவிடும். தொட்ட பிராணி உதறிக்கொண்டு ஓட இடைவெளி கிடைக்கும். வீட்டு மின்சாரம் நிற்காமல் பாய்வதால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாது. சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. ஆனால் 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் வனத்துறையில் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். ஏற்கெனவே போட்ட வேலியையும் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக அந்த 1,340 ரூபாய். வனத்துறை வாங்கிக்கொள்ளுமா என்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். மான் தேறினால் காட்டில் விடுவார்கள், கால் சரியாகாவிட்டால் பூங்காவுக்கு அனுப்புவார்கள். இரண்டுக்கும் இந்தப் பணம் தேவையில்லை. ஆனால் மானைக் கடித்த நாய்கள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன. நாளைக்கு ஆட்டுப் பட்டியில் விழும், அடுத்து ஒரு குழந்தையின் மேல் விழும். அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டிச் சொல்லி ஒரு நாள் கேட்டு வாங்கினால், ஊர் நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடலாம். வளர்ப்பு நாய்களை இரவில் கட்டிவைக்கக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் வாங்க அந்தப் பணம் ஆகும். நாய்களைப் பிடித்துக் கொடுக்க அந்தப் பையன்களே போதும். அவர்களுக்கு எந்த நாய் எந்த வீட்டுத் திண்ணையில் படுக்கும் என்பது தெரியும்.