பெயரை மாற்றினால் போதுமா?

ஒருவன் ஒரு திரைப்படத்தை எதற்காக எதிர்க்கிறான் என்பதை அறிய அவன் எழுப்பும் கோஷத்தைக் கேட்டால் போதாது. எதைக் கொடுத்தால் அடங்குவான் என்று கேட்க வேண்டும். கோஷம் மனத்தை மறைக்கும். பேரம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே தோன்றும் காதலைக் கதைப்பொருளாகக் கொண்ட படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் வீடுகளில் "அசிங்கம்!" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மார்க்கம் இவ்வுறவை விலக்கியிருக்கிறது என்பதில் இக்கட்டுரைக்கு வழக்கு ஏதும் இல்லை. விலக்கப்பட்ட ஒன்றைக் கதையாக்குவோரை நாம் எந்தத் துலாக்கோலால் நிறுக்கிறோம்? அந்தக் கதைகளில் உண்மையான குற்றவாளி யார்? இவையே நம் வினாக்கள். இவற்றுக்கு விடை காண 'ஃபயர்' படத்துக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

தீபா மேத்தா இயக்கிய அந்தப் படம் 1996இல் உருவானது. டில்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். அதில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர், கணவன்மார் தராத அன்பை ஒருவரிடம் ஒருவர் தேடிக் காதல் கொள்கிறார்கள். மூத்தவள் ராதாவாக ஷபானா ஆஸ்மியும் இளையவள் சீதாவாக நந்திதா தாஸும் நடித்தார்கள். இசை நம் ஏ.ஆர். ரஹ்மானுடையது. தணிக்கைக் குழு வெட்டு எதுவுமின்றி வயது வந்தோருக்கான சான்றிதழ் வழங்க, 1998 நவம்பரில் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. மூன்று வாரங்கள் அமைதியாகவே ஓடியது.

டிசம்பர் 2ஆம் நாள் பம்பாயின் கோரேகாவ் பகுதியில் சிவசேனையினர் ஒரு திரையரங்குக்குள் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினார்கள்; விளம்பரத் தட்டிகளைக் கொளுத்தினார்கள். மறுநாள் டில்லி ரீகல் திரையரங்கிலும் அதே கூத்து நடந்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய மகாராஷ்டிர முதலமைச்சரோ உடைத்தவர்களைப் பாராட்டினார்!

அடுத்து வந்ததுதான் பேரம். இந்துக் குடும்பத்தில் இதை ஏன் காட்ட வேண்டும், ராதா, சீதா என்று ஏன் பெயரிட வேண்டும், ஷபானா, சாயிரா என்று வைக்கலாகாதா என்று கேட்டார் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே. பெயர்களை முஸ்லிம் பெயர்களாக மாற்றிவிட்டால் தமக்கு மறுப்பில்லை என்றும் அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன.

வாசக அன்பர்களே, இச்சொற்களைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். அதே கதை, அதே காட்சிகள், அதே காதல். பெயர் மட்டும் சாயிரா என்றால் பண்பாடு பிழைத்துக் கொள்ளுமாம்! அப்படியானால் அவர்களைச் சுட்டது ஒழுக்கக்கேடா? ஒழுக்கம் பெயருக்குப் பெயர் மாறுமா? விலக்கப்பட்டது எந்தப் பெயரிலும் விலக்கப்பட்டதே அன்றோ! குப்பையைத் தன் வாசலிலிருந்து அள்ளி அண்டை வீட்டு வாசலில் கொட்டுபவனைத் தெருவைத் துப்புரவு செய்தவன் என்று எவர் சொல்வார்?

வேடிக்கை என்னவெனில், பெயர் மாற்றம் முன்னரே ஒருமுறை நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் சீதாவாக இருந்தவள் இந்திப் பதிப்பில் நீதா ஆனாள். கதையில் ஓர் இழையும் மாறவில்லை. அவள் கண்ணீரின் உப்பும் குறையவில்லை.

படத்துக்குப் பாதுகாப்புக் கோரி உச்சநீதிமன்றத்தை நாடியவர்களுள் திலீப்குமாரும் ஒருவர். யூசுஃப் கான் என்ற இயற்பெயரை மறைத்து, வேறொரு பெயரால் இந்த நாட்டின் மனத்தை ஆண்ட பெருங்கலைஞர் அவர். அந்த முதியவரின் வீட்டு வாசலில் டிசம்பர் 12ஆம் நாள் சிவசேனையினர் உள்ளாடையோடு அமர்ந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஒழுக்கத்தைக் காக்க வந்தவர்கள் உடை களைந்து நின்ற காட்சிக்கு நாம் உரை எழுத வேண்டியதில்லை. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டது. 1999 பிப்ரவரியில் மீண்டும் வெட்டின்றி வெளிவந்தது.

முஸ்லிம் பெயர் கேட்டவர்கள் ஒரு வரலாற்றை அறியார். அவர்கள் கேட்டதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அப்படியொரு கதை முஸ்லிம் பெயர்களோடு எழுதப்பட்டுவிட்டது. எழுதியவரும் ஒரு முஸ்லிம் பெண்மணியே! இஸ்மத் சுக்தாய் உருது மொழியில் 1942இல் வெளியிட்ட 'லிஹாஃப்' என்னும் சிறுகதை அது. செல்வம் கொழிக்கும் நவாபின் மாளிகை. கணவனால் தீண்டப்படாமல் அறைக்குள் வாடும் பேகம் ஜான். அவளுக்கும் பணிப்பெண்ணுக்கும் இடையிலான நெருக்கம் ஒரு சிறுமியின் கண்வழியே சொல்லப்படுகிறது.

கதை ஆபாசமானது என்று வழக்கு எழுந்தது. இஸ்மத் லாகூர் நீதிமன்றத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் வழக்கு முடியும் என்றார்கள்; அவர் இணங்கவில்லை. ஆபாசச் சொல் இதுதான் என்று சாட்சிகளால் சுட்டிக்காட்ட முடியாமற்போக, வழக்கு தோற்றது. கதையை வெறுத்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அவ்வெறுப்பு நீதிமன்றப் படியேறி, சாட்சி சொல்லி, தீர்ப்புக்குக் காத்திருந்தது. கண்ணாடி உடைப்பதற்கும் வழக்குரைப்பதற்கும் உள்ள தொலைவே நாகரிகத்தின் தொலைவு.

இனி, இவ்விரு கதைகளிலும் குற்றவாளி யார் என்று பார்ப்போம். 'ஃபயர்' படத்தின் மூத்த கணவன் அசோக், மனைவிக்குக் குழந்தை பிறவாது என்று தெரிந்ததும் ஒரு சாமியாரின் சொற்கேட்டு பதின்மூன்று ஆண்டுகள் அவளைத் தீண்டாமல் வாழ்கிறான். தன் புலனடக்கத்தைச் சோதித்துப் பார்க்க அவளை அருகில் அசையாமல் படுக்க வைக்கிறான். மனைவி அவனுக்கு ஓர் உரைகல், அவ்வளவே! இளையவன் ஜதினோ வேறொருத்தியிடம் மனத்தை வைத்துக்கொண்டு, வீட்டாருக்காக ஒருத்தியை மணக்கிறான். இறுதியில் அடுப்படியில் ராதாவின் சேலையில் தீப்பற்றுகிறது. அசோக் தன் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான்; மனைவியை எரியும் தீயில் விட்டுச் செல்கிறான். திரையரங்கைக் கொளுத்த வந்தவர்களுக்கு இந்தத் தீ ஏன் கண்ணில் படவில்லை?

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? மனைவியை நெருங்குவதில்லை என்று ஒருவன் சத்தியம் செய்தால், திருக்குர்ஆன் அவனுக்கு விதிக்கும் கெடு நான்கு மாதம். அதற்குள் அவளிடம் திரும்ப வேண்டும். அன்றேல் மணவிலக்கே வழி. 'ஈலா' என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்கள் இதற்குத் தனிப் பகுதியே வகுத்திருக்கின்றன. நான்கு மாதம் எங்கே, பதின்மூன்று ஆண்டு எங்கே! கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நகர்வலம் வந்த இரவொன்றில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்கிப் பாடியதைச் செவியுற்றார்கள் என்று வரலாறு கூறும். அவர்கள் அவள் கதவை உடைக்கவில்லை. அவள் நாவை அடக்கவும் இல்லை. வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். ஒரு பெண்ணின் ஏக்கத்தைக் கேட்ட ஆட்சியாளர் ஆண்களுக்கு ஆணையிட்டார் என்பது நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம்.

சபர் சென்ற கணவனின் வரவை எண்ணி ஆண்டுகளைக் கழிக்கும் பெண்கள் நம் ஊர்களில் இல்லையா? அவர்கள் வழி தவறுவார்கள் என்று சொல்வது அபாண்டம். அதை நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிட்டு, திரையில் வரும் பெண்ணின் மேல் மட்டும் சீறுவது நேர்மையா என்பதே நம் கேள்வி.

இப்படத்தில் குறையே இல்லையா? உண்டு. கணவன் தவறினால்தான் ஒருத்தி இப்படி ஆவாள் என்பது போலக் கதை அமைந்திருப்பது அத்தகைய பெண்களின் மனத்தைச் சிறுமைப்படுத்துகிறது என்று பெண்ணுரிமை பேசுவோரே குறை கூறினார்கள். அது பேனாவால் செய்த எதிர்ப்பு; அதற்கு மறுமொழியும் பேனாவால் வரும். 2004இல் கரண் ராஸ்தான் எடுத்த 'கேர்ள்ஃபிரெண்ட்' என்ற இந்திப் படமோ, பெண்ணை விரும்பும் பெண்ணைப் பொறாமை பிடித்த கொடியவளாகக் காட்டிக் கடைசியில் சாகடித்தது; அதே கையால் அவள் உடலைக் காட்டிக் காசும் தேடியது. ஒன்று துயரத்தைக் காட்டிய நாடகம். மற்றொன்று சதையை விற்ற வணிகம். கல்லெறிந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே. கல்லுக்கு ஏது கண்?

பெயரால் வரும் வலி நமக்குத் தெரியாததன்று. வெடிகுண்டு வைப்பவனுக்கெல்லாம் திரையில் நம் பெயரைச் சூட்டும்போது நாம் துடிக்கிறோம். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தின்போது நம் அமைப்புகள் முறையிட்டன. அரசின் தடையும் பேச்சுவார்த்தையும் வந்து, சில மாற்றங்களோடு படம் வெளியாயிற்று. அதன் நியாய அநியாயத்தில் நமக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் பழியைப் பிறர் பெயருக்கு மாற்றிவிட்டால் எங்களுக்குச் சம்மதம் என்று நாம் ஒருநாளும் சொல்லலாகாது. அந்தச் சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும் அநீதியே.

'ஃபயர்' படத்தில், தீயிலிருந்து தப்பிய ராதா தன் தோழியைச் சென்று சேரும் இடம் எது தெரியுமா? டில்லி நிஜாமுத்தீன் தர்கா! தர்காக்களைப் பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அது வேறு வழக்கு. போக்கிடம் அற்றவர்களைப் பெயர் கேளாமல் உட்கார வைக்கும் திண்ணையாக அந்த முற்றத்தை ஒரு இயக்குநர் கண்டிருக்கிறார். அதை இழிவாக எண்ணுவோமா, பெருமையாகக் கொள்வோமா?

இன்று இத்தகைய கதைகள் திரையரங்கில் காத்திருப்பதில்லை. நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அங்கே உடைக்கக் கண்ணாடி இல்லை. மகளோ மகனோ ஒரு கதையைக் குறித்து வினவும்போது, "அசிங்கம்" என்று கதவை அடைக்காமல், மார்க்கம் விலக்கியது எது, அக்கதையில் அநீதி இழைத்தவர் யார் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் அறிவே நமக்குக் காவல். கண்டிப்பதைக் கண்டியுங்கள், உங்கள் உரிமை அது. ஆனால் கண்டிக்கும் முன், எரியும் அடுப்படியில் விடப்பட்டவள் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவள் பெயர் எதுவாயினும் சரியே.