பேர் வாடகைக்கு!

கல்வராயன் மலையடிவாரத்து நண்பர் ஒருத்தர், மரவள்ளி போட்ட நிலத்தை அடமானம் வைத்து, கள்ளக்குறிச்சியில் பெரிய கம்பெனி பேரில் பேக்கரி திறக்கப் போகிறாராம்.

"பேருக்கே கூட்டம் அள்ளும் சார்!"

பி.காம். படித்த பாவத்துக்குக் கேட்டேன்: "அக்ரிமென்ட் எத்தனை வருஷத்துக்கு?"

முழித்தார்.

கட்டடம், கடன், சம்பளம் எல்லாம் நம் தலையில். பேர் மட்டும் வாடகை. லாஸ் வேகாஸில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய சூதாட்ட ஹோட்டல், லாஸ் வேகாஸ் ஹில்டன். 2012-ல் ஒப்பந்தம் முடிந்து ஹில்டன் பேர் போச்சு. விட்டார்களா? 'எல்.வி.ஹெச்.' என்று மாட்டினார்கள். கேட்டால், 'ஹெச்' என்றால் ஹோட்டலாம்! 2014-ல் அதுவும் போய் 'வெஸ்ட்கேட்' ஆனது.

அவ்வளவு தூரம் எதுக்கு? சென்னை டி.டி.கே. சாலையில் ஹாலிடே இன் என்று ஆரம்பித்த ஹோட்டல், பார்க் ஷெரட்டன் ஆகி, 2015-ல் கிரவுன் பிளாசா ஆனது. ஆட்டோவில் ஏறி 'கிரவுன் பிளாசா' என்றால், "பார்க் ஷெரட்டன்தானே சார்?" என்பார்கள். காசு கட்டுகிறவர் ஒருத்தர், ஜனங்க வாயில் இருப்பது இன்னொருத்தர் பேர்! 2023 டிசம்பரில் ஹோட்டலையே மூடிவிட்டார்கள்.

"அப்ப பேக்கரி வேணாங்கறீங்களா?" என்றார் நண்பர்.

"தாராளமா போடுங்க. நிலப் பத்திரம் யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"யாரும் திருப்பிக் கேக்க முடியாத பேர் அது ஒண்ணுதான். பாத்து அடமானம் வைங்க!"